முட்டை சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு: எந்தப் பரிசோதனை செய்வது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. மூன்று வாரங்களுக்கு முன்பு வேகவைத்த முட்டையில் பாதியைச் சாப்பிட்டான். 20 நிமிடத்துக்குள் வாயைச் சுற்றியும் வயிற்றிலும் தடிப்புகள் எழும்பின. ஒருமுறை வாந்தி எடுத்தான். இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோதிருந்தே அவனுக்குக் கரப்பான் உண்டு. 90 உணவுகளுக்கும் சேர்த்து ஒரே ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்கிறார் கணவர். தோலில் குத்திப் பார்ப்பதே சரி என்கிறார் தோழி. மாமியாரோ, "வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்கிறார். அதுவரை தொல்லையில்லாமல் சாப்பிட்டுவந்த பால், கோதுமை, வேர்க்கடலையையும் பயத்தில் நிறுத்திவிட்டேன். என்ன செய்வது?

பதில்: பரிசோதனை இருக்கட்டும். முதலில் பாலையும் கோதுமையையும் வேர்க்கடலையையும் மீண்டும் கொடுக்கத் தொடங்குங்கள். (வேர்க்கடலையைப் பொடித்தோ விழுதாகவோதான் கொடுக்க வேண்டும், முழுக்கடலை மூச்சுக்குழலில் சிக்கும்.) கரப்பான் உள்ள குழந்தைக்கு, ஒத்துக்கொண்டிருந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், அதுவே பின்னாளில் அலர்ஜியாக மாறக்கூடும். முட்டையை மட்டும் நிறுத்துங்கள். அதிலும், முட்டை சேர்த்த கேக்கையோ பிஸ்கட்டையோ இதுவரை சிக்கலின்றிச் சாப்பிட்டிருந்தால் அதைத் தொடரலாம். மாவோடு கலந்து அதிகச் சூட்டில் வெந்த முட்டையை, வெறுமனே வேகவைத்த முட்டையைப் போலன்றி, உடல் வேறு விதமாக எதிர்கொள்கிறது. முட்டை அலர்ஜியுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த வடிவில் தாங்கிக்கொள்கிறார்கள்.

உங்கள் கடிதத்திலேயே பாதிப் பரிசோதனை முடிந்துவிட்டது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பும் வாந்தியும் வந்தால், ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தால் வரும் உடனடி அலர்ஜியைத்தான் முதலில் சந்தேகிப்போம். தக்காளியோ புளிப்புப் பழமோ பட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்திருந்தால், வெறும் எரிச்சல் என்று விட்டிருப்பேன். அன்றைக்குக் காய்ச்சல், சளி இருந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். சிறு குழந்தைகளுக்கு வைரஸ் தொற்றாலும் இதே போன்ற தடிப்பு வரும்.

கணவர் சொல்லும் 90 உணவுப் பரிசோதனைக்கு நான் எதிரி. கரப்பான் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில், அன்றாடம் சாப்பிட்டுச் செரிக்கிற உணவுகளுக்குக்கூட ஐஜிஇ லேசாகக் காணப்படும். ரத்தத்தில் அது இருப்பது வேறு, அலர்ஜி இருப்பது வேறு. அப்படி வந்த நீண்ட பட்டியலோடு பெற்றோர் என் அறைக்கு வரும்போது, குழந்தை எடை குறைந்திருக்கும். என்ன கொடுப்பதென்று தெரியாமல் அம்மா கலங்கிப்போயிருப்பார். இன்னொன்று: இத்தகைய தொகுப்புகள் சிலவற்றில் அளப்பது ஐஜிஜி என்ற வேறொரு புரதத்தை. ஒரு உணவைச் சாப்பிட்டாலே அது உருவாகும். அலர்ஜியைக் கண்டறிய அது உதவாது.

தோழி சொல்வதே எனக்கும் உடன்பாடு, முட்டைக்கு மட்டும். முன்கையிலோ முதுகிலோ முட்டைச் சாறு ஒரு துளி வைத்து, சிறிய ஊசிமுனையால் மேல்தோலை லேசாகக் குத்துவார்கள். பக்கத்தில் ஹிஸ்டமின் (யாருக்கும் தடிப்பை எழுப்பும் பொருள்) ஒரு துளி, தடிப்பை எழுப்பாத உப்புநீர் ஒரு துளி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். உப்புநீர் பட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். தடிப்பு பெரிதாக இருந்தால் அலர்ஜிக்கான வாய்ப்பு அதிகம் என்று பொருள். அடுத்த முறை எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அது சொல்லாது. செட்டிரிசின் போன்ற அலர்ஜி மருந்தை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோல் பொய் சொல்லும். நிறுத்த முடியாவிட்டாலோ, குத்த இடமில்லாதபடி கரப்பான் பரவியிருந்தாலோ, முட்டைக்கான ஐஜிஇ அளவை மட்டும் ரத்தத்தில் பார்க்கலாம்.

நீங்கள் சொன்ன விவரத்தோடு பாசிட்டிவ் முடிவும் சேர்ந்தால் விஷயம் தீர்ந்தது. நெகட்டிவாகவோ இரண்டும்கெட்டானாகவோ வந்தால்தான் உங்கள் மாமியாரின் யோசனைக்கு வருவோம். சிரிக்காதீர்கள், அலர்ஜி மருத்துவத்தில் கடைசித் தீர்ப்பு சொல்வது கொடுத்துப் பார்ப்பதுதான். ஆனால் அது மருத்துவமனையில் நடக்க வேண்டும். மிகச் சிறிய அளவில் தொடங்கி, 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டி, முடிந்த பின்பும் ஓரிரு மணி நேரம் உட்காரவைத்துக் கவனிப்பார்கள். அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும். முதல் முறை லேசாக வந்தது, இரண்டாம் முறையும் அப்படியே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தவறுதலாக முட்டை உள்ளே போய், மூச்சிரைப்பு, கரகரத்த அழுகை, தொடர் வாந்தி, வெளிறித் துவண்டுபோதல் இவற்றில் ஏதாவது தெரிந்தால், அலர்ஜி சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். இப்படிக் கடுமையாக வரும் அலர்ஜியை அடக்கும் மருந்து, தொடையில் போடும் அட்ரினலின் ஒன்றுதான். உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள். உங்களிடமும் ஒரு ஊசி இருக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இந்த வயதில் எல்லோரும் கேட்பது: தட்டம்மைக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை முட்டை அலர்ஜிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தேதி வந்திருந்தால் போட்டுவிடுங்கள்.