கனெக்டர் பின்னுல நேரா ப்ரோப் வைக்காதீங்க

வாசகர் கடிதம்:

அண்ணா வணக்கம். கோவில்பட்டியில சின்னதா ஒரு சர்வீஸ் கடை வச்சிருக்கேன். போன வாரம் ஒரு லேப்டாப், ஸ்க்ரீன் லைட் விட்டு விட்டு வருதுன்னு கொண்டு வந்தாங்க. பேனலுக்கு அடியில இருக்குற 30 பின் கனெக்டர்ல 19 வோல்ட் வருதான்னு பாக்கப் போனேன், மீட்டரோட ப்ரோப் முனை லேசா வழுக்கி டப்புன்னு ஒரு பொறி. அதுக்கப்புறம் லைட் சுத்தமா வரல, டார்ச் அடிச்சுப் பாத்தா படம் மட்டும் மங்கலா தெரியுது. நல்ல மீட்டரா வாங்கியிருந்தா இப்படி ஆகியிருக்காதோ? இவ்ளோ பொடிப் பின்னுல எப்படிண்ணா அளக்குறது?

பதில்:

தம்பி, முதல்ல மனச விட்றாதீங்க, படம் தெரியுதுன்னா போர்டு உயிரோடதான் இருக்கு. அந்தக் கனெக்டரைச் சுத்தி இருக்குற தகரக் கூடு கிரவுண்டு (மைனஸ் பக்கம்), உங்க ப்ரோப் பின்னையும் கூட்டையும் ஒண்ணா தொட்டிருக்கும், மதர்போர்டுல பேக்லைட் (ஸ்க்ரீனுக்குப் பின்னாடி எரியுற லைட்) லைனுக்குன்னு இருக்குற குட்டி பியூஸ் போயிருக்கும். பேனல்லயும் பியூஸ் இருக்கலாம், ஆனா ஷார்ட் ஆனது அதுக்கு முன்னாடியே, அதனால மதர்போர்டு பக்கம் முதல்ல பாருங்க.

மீட்டர் விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பின்னுக்குப் பின் அரை மில்லிமீட்டர், ப்ரோப் தண்டு 2 மில்லிமீட்டர், சாய்ஞ்சா நாலு பின்னை சேத்து அமுக்கும். வழக்கமான 30 பின் பேனல்ல 26-ல இருந்து 29 வரை பேக்லைட் பவர், 24, 25 காலி, 23-ல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்குற பிடபிள்யூஎம் (வேகமா ஆன் ஆஃப் ஆகுற சிக்னல்), 22-ல லைட்டை ஆன் பண்ணச் சொல்ற எனேபிள். டிசைன் பண்ணவங்க நடுவுல ரெண்டு பின்னைக் காலியா விட்டிருக்காங்க பாருங்க, அந்த 1.5 மில்லிமீட்டர்தான் 19 வோல்ட்டுக்கும் மதர்போர்டோட மெயின் சிப்பான சிப்செட்டுக்கும் நடுவுல இருக்குற வேலி. நான் தொழிலுக்கு வந்த புதுசுல அந்த வேலியத் தாண்டிட்டேன், 19 வோல்ட் பிடபிள்யூஎம் லைன்ல ஏறி போர்டே போச்சு, ஒரு காலேஜ் பொண்ணோட லேப்டாப், பரீட்சை நேரம். போர்டு காசு நான் குடுத்தேன், ஆனா அந்தப் பொண்ணு கடை வாசல்ல நின்ன முகம் இன்னும் மறக்கல, அதனாலதான் இதை இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

பவர் இருக்கும்போது பின்னுல ப்ரோப் வைக்காதீங்க. அதே லைன் போர்டுல வேற எங்கயாவது பெருசா வெளிய வந்திருக்கும், பியூஸ் முனை, கெப்பாசிட்டர் முனை, டெஸ்ட் பாயிண்ட்னு. அதைக் கண்டுபிடிக்க முதல்ல அடாப்டரையும் எடுங்க, பேட்டரி கனெக்டரையும் கழட்டுங்க (ஷட்டவுன் பண்ணா மட்டும் பத்தாது, பேட்டரி இருக்குற வரை லைன்ல கரண்ட் இருக்கு), பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சிட்டு மீட்டரை கண்டினியூட்டில (ரெண்டு இடம் இணைஞ்சிருந்தா பீப் அடிக்கிற மோடு) வச்சு, அந்தப் பின்னோட சேர்ந்து பீப் வர்ற இடத்தைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் பவர் குடுத்து அந்தப் பெரிய இடத்துல அளங்க. மதர்போர்டு பக்கக் கனெக்டர் பெரும்பாலும் 40 பின், கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும், ஸ்கீமேட்டிக் (போர்டோட சர்க்யூட் வரைபடம்) இல்லாம எண்ணி வைக்காதீங்க.

வேற இடமே கிடைக்கலன்னா, பவர் இல்லாதப்போ அந்தப் பின்னோட கால்ல 0.1 மில்லிமீட்டர் எனாமல் ஜம்பர் ஒயரை சோல்டர் பண்ணி, காப்டான் டேப் (சூடு தாங்குற இன்சுலேஷன் டேப்) ஒட்டி, மறுமுனையத் தள்ளி இழுத்து ஒட்டிட்டு அப்புறம் பவர் குடுங்க. அஞ்சு நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும், கரண்ட் ஓடுறப்போ கை அந்தக் கனெக்டர் பக்கம் போகவே கூடாது. கருப்பு ப்ரோப்பை முதலை கிளிப் போட்டு ஸ்க்ரூ ஓட்டைலயோ யூஎஸ்பி கூட்டுலயோ மாட்டிடுங்க, கண்ணு ஒரு முனைல மட்டும் இருக்கும். சிவப்புக்குத் தையல் ஊசியக் கட்டி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு நுனி 1 மில்லிமீட்டர் மட்டும் வெளிய தெரியுற மாதிரி வச்சுக்கலாம். ஆனா அந்த ஊசிய சார்ஜரைப் பிரிச்சு உள்ள கொண்டு போயிராதீங்க, அங்க கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் டிசி நிக்கும், அது ஆளையே அடிக்கும். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டைல இல்லன்னும் ஒவ்வொரு தடவையும் பாருங்க, அதுல இருந்தா நீங்க தொடுறது வோல்ட்மீட்டர் இல்ல, ஷார்ட்.

பிடபிள்யூஎம் லைன்ல 3.3 வோல்ட் வரலன்னு பயப்படாதீங்க, மீட்டர் சராசரியதான் காட்டும், பிரைட்னஸ் பாதில இருந்தா சுமார் 1.6 வரும்.

இப்ப உங்க வேலை: அந்த பியூஸோட ரெண்டு முனையிலயும் தனித்தனியா அளங்க. ஒரு பக்கம் 19, மறுபக்கம் 0-ன்னா பியூஸ்தான். உடனே மாத்தாதீங்க, பவரை எடுத்துட்டு 0 வர்ற பக்கம் கிரவுண்டோட ஷார்ட் இருக்கான்னு பாத்துட்டு அதே ஆம்பியர்ல போடுங்க, தயவு செஞ்சு ஒயர் வச்சு நேரா சோல்டர் பண்ணிடாதீங்க. முதல்ல விட்டு விட்டு வந்த லைட்டுக்கு ஹிஞ்ச் கிட்ட மடங்குற கேபிளைத்தான் நான் சந்தேகப்படுறேன். ரெண்டு ரீடிங்கையும் எழுதி அனுப்புங்க, பாத்துட்டு அடுத்து சொல்றேன்.