ஆறு வயசும் அரை டிக்கெட்டும்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். கவர்மென்ட் பஸ். கண்டக்டர் கேட்டபோது, மகனுக்கு நாலு வயது என்றேன். "எனக்கு ஆறு வயசு!" என்று அவன் கத்த, பஸ்ஸே சிரித்தது. இப்படி உண்மை பேசிய அதே பையன், அடுத்த வாரம் தங்கச்சி பங்கு மாம்பழத்தையும் தின்றுவிட்டு, சட்டையெல்லாம் சாறாக நின்றுகொண்டு, "நான் தொடவே இல்லை" என்று சாதித்தான். நாலு சாத்து சாத்தினேன். நல்லது கெட்டது தெரிவது பிறவியிலேயே வருவதா, அடித்து வளர்த்தால் வருவதா?
- ஒரு வாசகர், சேலம்-2

பதில்: முதலில், பையனை அரிச்சந்திரன் ஆக்கிவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவனைப் பால்வாடிக்குத் திருப்பி அனுப்பினால் ரோஷம் வராதா? அவன் அன்று காப்பாற்றியது சத்தியத்தை அல்ல, தன்னுடைய இரண்டு வருடத்தை. அதே மாதிரி, ஒரு மாம்பழத்துக்காக அவனைத் திருடன் ஆக்கவும் வேண்டாம்.

பிறவியா என்கிறீர்கள். 2007இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு மாத, பத்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு குட்டிப் பொம்மலாட்டம் காட்டினார்கள். கண் ஒட்டிய மரக்கட்டை ஒன்று மேட்டில் ஏறத் திணறுகிறது. ஒரு கட்டை கீழிருந்து தள்ளி உதவுகிறது. இன்னொன்று மேலிருந்து உருட்டிவிடுகிறது. பிறகு இரண்டையும் முன்னால் வைத்தால், பெரும்பாலான குழந்தைகள் உதவிய கட்டையைத்தான் எடுத்தன. பெரிய பேச்சாகிப் போனது. பின்னால் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து, அதை வீடியோவாக்கி நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குக் காட்டிப் பார்த்தபோது, அந்த விருப்பம் தென்படவில்லை. எனவே இந்தப் பாதிக் கேள்விக்கு நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாரில்லை.

மாம்பழத்துக்கு வருவோம். உங்கள் மகனுக்கு அது தங்கச்சி பங்கு என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. இன்னொரு பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டால், சின்னதும் பெரிதும் சரிபாதி என்றே சொல்கின்றன. கொடுக்கச் சொன்னால், சின்னதுகள் தமக்கு அதிகம் வைத்துக்கொள்கின்றன. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள்தான் சொன்னபடி பாதியைக் கொடுத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 'நீ எவ்வளவு கொடுப்பாய்?' என்று முன்கூட்டியே கேட்டபோது, தங்களுக்கு அதிகம் வைத்துக்கொள்ளப் போவதை அந்தச் சின்னதுகள் மறைக்கவே இல்லை. நியாயம் தெரிந்திருக்கிறது, கை கேட்கவில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்ததோ மல்கோவா. ஸ்டிக்கருக்கே கை நிற்காதபோது மல்கோவாவுக்கு நிற்குமா?

தின்றது ஒன்று, இல்லை என்று சாதித்தது இன்னொன்று என்பீர்கள். சரி, அங்கேதான் உங்கள் நாலு சாத்து வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் பிரம்படி உண்டு, மற்றதில் கிடையாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, 'திரும்பிப் பார்க்கக் கூடாது' என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள் ஆய்வாளர்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலானவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிள்ளைகள்தானே. பார்த்தாயா என்று கேட்டபோது, பிரம்பில்லாத பள்ளியில் பார்த்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் இல்லை என்றார்கள். பிரம்புப் பள்ளியில் கிட்டத்தட்ட எல்லோருமே இல்லை என்றார்கள். அதோடு விடவில்லை. 'பார்க்கவில்லை என்றால், அது என்ன பொம்மையாக இருக்கும்?' என்று மடக்கிக் கேட்டதற்கும், பிரம்புப் பள்ளிப் பிள்ளைகள்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் சாமர்த்தியமாகத் தப்பித்தார்கள். 2011இல் வெளியான ஆய்வு இது. சட்டையில் சாறோடு வந்து இல்லை என்கிறானே உங்கள் பையன், அவன் இன்னும் தொழில் பழகவில்லை. இன்னும் நாலு முறை சாத்துங்கள், சட்டையை மாற்றிக்கொண்டு வருவான்.

ஒரே பையன் இரண்டு விதமாக இருக்கிறானே என்று உங்களுக்குக் குழப்பம். உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். வெள்ளி எடை போட்டு உள்ளே போகிறது, கொலுசு எடை போட்டு வெளியே வருகிறது. சேதாரத்துக்கும் கணக்கு. கூட்டி அள்ளும் தூசியைக்கூட யாரும் சும்மா கொட்டுவதில்லை. தராசு இருக்கிற இடத்தில் எல்லோரும் யோக்கியர். பட்டறையில் ஒரு கிராமுக்கு விடிய விடியக் கணக்குப் பார்க்கிற நீங்கள்தான், மலைப் பாதையில் இரண்டு வயதைச் சேதாரமாகக் கழித்தீர்கள்! 1920களில் அமெரிக்காவில் ஏறக்குறைய 11,000 பிள்ளைகளுக்கு ஏமாற்றவும் பொய் சொல்லவும் வாய்ப்புக் கொடுத்துச் சோதித்தார்கள். பரீட்சையில் நேர்மையாக இருந்தவன் விளையாட்டில் ஏமாற்றினான். வகுப்பில் ஏமாற்றியவன் வீட்டில் ஒழுங்காக இருந்தான். இவன் நேர்மையானவன், இவன் பொய்யன் என்று முத்திரை குத்திப் பிரிக்க முடியவில்லை. பெரியவர்களையும் அப்படிச் சோதித்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசிப்பேன். பஸ்ஸில் உங்களைப் பார்த்தவர்கள் ஒரு மாதிரி நினைத்திருப்பார்கள், பட்டறையில் பார்ப்பவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்.

அப்படியானால் விட்டுவிடுவதா என்றால், அதுவும் இல்லை. பிள்ளைக்கு இரக்கம் எப்படி வளர்கிறது என்று பல காலம் ஆராய்ந்தவர் மார்ட்டின் ஹாஃப்மன். பெற்றவர்களின் அதிகாரத்தைவிட, தான் செய்ததால் இன்னொருவருக்கு என்ன ஆனது என்று பிள்ளைக்குக் காட்டுவதுதான் உள்ளே இறங்குகிறது என்பது அவர் கட்சி. அடி வாங்கியவன் தன் முதுகைப் பற்றித்தான் நினைப்பான். தங்கச்சி ஞாபகத்துக்கே வர மாட்டாள். "பாரு கண்ணு, பாப்பா தட்டு காலியா இருக்கு" என்று காட்டியிருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பான். அடுத்த பழத்தை நறுக்கி, அவன் கையாலேயே அவள் தட்டில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கொட்டையை அவனே சப்பிக்கொள்ளட்டும், அதற்குத் தடை போடாதீர்கள்.

அப்புறம், பஸ்ஸே சிரித்தது வரை எழுதினீர்கள். ஐந்து தாண்டினால் அரை டிக்கெட். எடுத்தீர்களா இல்லையா? அதைக் கடிதத்தில் காணோமே.