கடைசி நேரத்தில் மனந்திரும்பியவருக்கும் அதே கிருபையா? இது நியாயமா?

வாழ்நாள் முழுக்க நேர்மையாக வாழ்ந்தவரும் சாகும் தறுவாயில் மனந்திரும்பியவரும் கிருபையில், அதாவது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் இரக்கத்தில், சமம் என்றால், நேர்மையாக வாழ்ந்தவர் ஏமாளியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இயேசு இதைக் கதையாகவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு நற்செய்தி 20). திராட்சைத் தோட்டத்துக்காரர் விடியற்காலையில் ஆள் கூப்பிடுகிறார். கூலி ஒரு பணம். அப்புறம் ஒன்பது மணி, பன்னிரண்டு, மூன்று, கடைசியாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கும் போய்க் கூப்பிடுகிறார். எல்லாருக்கும் அதே ஒரு பணம். காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்: "எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே." பேசிய கூலி அவர்கள் கைக்கு வந்துவிட்டது, ஒரு காசு குறையவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்கும் அதே கிடைத்ததுதான் பொறுக்கவில்லை.

ஏன் நாள் முழுக்கச் சும்மா நின்றீர்கள் என்று கேட்டதற்கு, கடைசியாக வந்தவர்கள் சொன்ன பதில்: ஒருவரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. பிரசங்கங்களில் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நம் ஊரில் காலையில் கொத்தனாரும் சித்தாளும் கூடும் முச்சந்தியில் நின்று பாருங்கள். திடமான ஆட்கள் முதலில் போய்விடுவார்கள். வயதானவரும் மெலிந்தவரும் தூக்குவாளியோடு நிற்பார்கள். அவர் வீட்டு உலைக்கும் அன்றைக்கு அதே அரிசி வேண்டும். தோட்டத்துக்காரர் பார்த்தது அதைத்தான்.

சரி, நேர்மையான வாழ்வு வீணா? இல்லை. இரட்சிப்பு தேவனுடைய ஈவு, யாரும் பெருமை பாராட்ட முடியாது என்று எபேசியருக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார். நற்செயல் கிருபையின் விலை அல்ல, அதிலிருந்து வருவது. 1517இல் ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் கத்தோலிக்கச் சபையோடு தொடங்கிவைத்த சண்டை இதைச் சுற்றித்தான் வளர்ந்தது; நம் தகுதியால் அல்ல, கிருபையால்தான் கடவுள் ஏற்கிறார் என்று கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999இல் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள்.

என்னை உறுத்துவது வேறு. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில், ஒரே பீடத்துக்கு இரண்டு கூடம் வைத்துக் கத்தோலிக்கக் கோவில் கட்டினார்கள். வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, நடுவே சுவர். இரு பக்கமும் ஒரே பூசை, ஒரே நற்கருணை. 1910இல் ஆயர் சுவரை இடிக்கவைத்தார். அதை எதிர்த்து வெள்ளாளர் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். யாருடைய நற்கருணையும் குறையவில்லை, ஆனாலும் அந்தப் பழைய முறுமுறுப்புதான்.

இன்றும் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. கடைசி நேரத்தில் வந்தவருக்குக் கிருபை கிடைக்கலாமா என்று நாம் விவாதிப்பதற்கு முன்னால், அந்தச் சுவர்களை எடுப்பது பற்றிச் சபைக் கூட்டத்தில் பேச வேண்டும். ஆயர் தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, சபையாரே தொடங்கலாம்.