தலைமுறை தாண்டிய ஜாஸ்

கேள்வி: வெவ்வேறு தலைமுறையையும் பாணியையும் சேர்ந்த ஜாஸ் கலைஞர்கள் ஒரே குழுவாக வாசித்தால், இசை சிதறிப்போகாதா? – வாசகர், கும்பகோணம்

பதில்: சிதறவில்லை என்பதற்கு 1962 செப்டம்பரில் டியூக் எலிங்டன் செய்த இரண்டு ஒலிப்பதிவுகளே சாட்சி. பெரிய வாத்தியக் குழுக்கள் வாசித்த, ஆடத்தூண்டும் ஜாஸ் பாணியான ஸ்விங்கின் காலத்தில் புகழ்பெற்ற அவருக்கு அப்போது வயது 63. முதல் பதிவில் அவருடைய பியானோவுடன் இணைந்த சார்லஸ் மிங்கஸும் (பாஸ்) மாக்ஸ் ரோச்சும் (டிரம்ஸ்) நாற்பதை ஒட்டிய, பீபாப் என்ற, ஸ்விங்குக்குப் பின் வந்த வேகமும் சிக்கலும் மிகுந்த ஜாஸ் பாணியின் வழி வந்த நவீனர்கள். அங்கே யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை; மிங்கஸின் தந்திகள் பியானோவை உரசிக்கொண்டே செல்ல, எலிங்டனும் தம் கட்டைகளை முரட்டுத்தனமாகத் தட்டிப் பதில் சொல்கிறார். அந்த உரசலே அதன் அழகு என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்பது நாள் கழித்து, 36 வயது சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன் அவர் வாசித்தபோது நிலைமை வேறு. இருவருடைய பாஸ், டிரம்ஸ் கலைஞர்களும் பாடலுக்கேற்ப மாறி மாறி அமர்ந்தார்கள்; ஆவேச வாசிப்புக்குப் பெயர்பெற்ற கோல்ட்ரேன், எலிங்டனின் 1930களின் மெட்டான 'இன் எ சென்டிமென்டல் மூட்' பாடலை, ஒரு சுரத்தையும் வீணாக்காமல், அத்தனை கனிவாக சாக்ஸஃபோனில் பாடுகிறார். முதலில் இதைக் கேளுங்கள். மிங்கஸுடனான பதிவு அதற்குப் பிறகு இன்னும் நன்றாகப் பிடிபடும்.