பத்துப் பேர் வேண்டாம், இருவரைக் கரையேற்றுங்கள்

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (தேவாலயப் பகுதியில் சேர்ந்து ஜெபிக்கும் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பத்துக் குடும்பங்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் அருட்சகோதரியாகக் கிழக்கு உகாண்டாவில், சொரோட்டிக்கு அருகே ஒரு கிராமப் பங்கில் (தேவாலய வட்டாரத்தில்) இருக்கிறார். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் பத்து ஏழைப் பிள்ளைகளை, குடும்பத்துக்கு ஒருவராகப் படிக்க வைக்க ஆசைப்படுகிறோம். குடும்பத்துக்கு மாதம் 1,000 ரூபாய் தர முடியும். சிஸ்டர் விடுமுறைக்கு வரும்போது பணத்தைக் கையில் கொடுத்தனுப்பலாமா? பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதலாமா? கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத்தான் தர வேண்டும் என்று இரண்டு குடும்பங்கள் சொல்கின்றன. என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நல்ல மனதோடு கிளம்பியிருக்கிறீர்கள். ஆனால் கணக்கை மாற்றிப் போடுங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர் வேண்டாம். உயர்நிலைப் பள்ளியில் காலடி வைக்கப்போகும் இருவரை எடுத்து, நான்கு ஆண்டும் கைவிடாமல் முடித்துக் கொடுங்கள்.

காரணம் இதுதான். உகாண்டாவில் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் 1997 முதல் இலவசக் கல்வித் திட்டம் நடக்கிறது. சீருடை, நோட்டு, மதியச் சாப்பாடு பெற்றோர் தலையில் விழும், இடையிலேயே நின்றுவிடும் பிள்ளைகளும் பலர். தட்டுத் தடுமாறி ஏழாம் வகுப்பு வரை வந்த பிள்ளைக்கும் அதற்குப் பிறகு படிப்பு அறுந்துபோகலாம். நவம்பர் தொடக்கத்தில் ஏழாம் வகுப்புப் பொதுத் தேர்வு. நான்கு பாடம், பாடத்துக்கு 1 முதல் 9 வரை புள்ளி, கூட்டுத்தொகை குறையக் குறைய நல்லது. 4 என்பது உச்சம். முடிவு ஜனவரி பின்பாதியில் வரும். பிப்ரவரியில் 'சீனியர் 1', அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்புச் சேர்க்கை. இடையில் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரத்தில் ஒரு விவசாயக் குடும்பம் ஒரு பருவக் கட்டணத்தைப் புரட்ட வேண்டும். ஆடு விற்றும் போதாவிட்டால் பெண்பிள்ளை வீட்டில் நின்றுவிடுவாள். 2007 முதல் உயர்நிலைப் பள்ளிக்கும் அரசுத் திட்டம் உண்டு. ஆனால் விடுதிச் செலவு அதில் சேராது. பள்ளி தூரத்தில் இருந்தால் விடுதி இல்லாமல் படிப்பும் இல்லை.

கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு பட்டியல் வரும்: மெத்தை, போர்வை, பூட்டோடு தகரப் பெட்டி, தண்ணீர் பிடிக்க ஜெர்ரிகேன், பேசின், மண்வெட்டி, விளக்குமாறு, ஒரு கட்டு வெள்ளைத்தாள், டாய்லெட் பேப்பர் சுருள்கள், சீருடை, காலணி. பள்ளிக்குப் பள்ளி பட்டியல் மாறும். கட்டண ரசீது கையில் இருந்தும் மெத்தையும் பெட்டியும் இல்லாமல் வாசலிலிருந்து திரும்புகிற பிள்ளைகள் உண்டு. பருவத்தின் நடுவில் பாக்கி இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன பிள்ளைக்கு இரண்டு வாரப் பாடம் போய்விடும். அதனால் சிஸ்டரிடம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: பள்ளி முத்திரையோடு கட்டணச் சுற்றறிக்கை, அந்தப் பட்டியல். இரண்டும் கைக்கு வராமல் தொகை பேசாதீர்கள்.

உங்கள் பணம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ரூபாய்க்கு ஏறத்தாழ 40 உகாண்டா ஷில்லிங் என்று வைத்தால் 48 லட்சம் ஷில்லிங். விடுதியோடு பருவத்துக்கு 5 லட்சம் என்று பள்ளி சொல்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பருவத்துக்கு 15 லட்சம், பட்டியல் சாமானுக்கும் போக்குவரத்துக்கும் 3 லட்சம். ஒரு பிள்ளைக்கு 18, இருவருக்கு 36 லட்சம். மீதி 12 லட்சத்தில் வங்கிக் கட்டணம் போக மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். ஒரு குடும்பத்தில் வேலை போகலாம், பள்ளி கட்டணத்தை ஏற்றலாம், நான்காம் ஆண்டில் பொதுத் தேர்வுப் பதிவுக் கட்டணம் வரும். மூன்றாவது பிள்ளையைச் சேர்க்க மனம் துடிக்கும். கையிருப்பு ஓராண்டுச் செலவைத் தொடும்வரை சேர்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் நின்றுபோன உதவி, உதவியே இல்லாததைவிடப் பிள்ளையை அதிகம் நோகடிக்கும்.

நீண்ட நாள் தாங்குவதற்குப் பலன் உண்டு என்பது வெறும் நம்பிக்கை இல்லை. கம்பாஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் பிள்ளை ஆதரவுத் திட்டத்தை உகாண்டா, கென்யா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 10,144 பேரிடம் ஆராய்ந்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆதரவு பெற்றவர்கள் 1.03 முதல் 1.46 ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? இந்தச் சுமையைச் சிஸ்டர் ஒருவர் தலையில் ஏற்றாதீர்கள். நாளைக்கு ஊரில் அவர் பெயர்தான் கெடும். தலைமையாசிரியர், எல்.சி.1 என்கிற கிராமக் குழுத் தலைவர், பங்கிலிருந்து ஒரு பெண் என மூவர் சேர்ந்து முடிவு செய்யட்டும். குடும்பம் அந்த ஊரில்தான் இருக்கிறது, நிலைமை இன்னது என்று எல்.சி.1 தலைவரின் கடிதம் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: ஏழாம் வகுப்புப் பொதுத் தேர்வில் முதல் பிரிவில் தேறிய பிள்ளையை வேறு யாராவது தூக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டாம் பிரிவில் வந்த, வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டே படித்த பெண்ணைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அவளைத் தேடச் சொல்லுங்கள்.

மதம் பார்க்க வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபை நிறுவிய பள்ளிகளிலும் ஆங்கிலிக்கன், பெந்தகொஸ்தே, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். கோயிலுக்கு வந்தால் கட்டணம் என்று ஆனால், வறுமை அந்தப் பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கும். அந்த இரண்டு குடும்பங்களிடம் நல்ல சமாரியர் உவமையை ஒரு முறை சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பணம் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். பயணி ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலருக்கு மேல் வெளிநாட்டு நோட்டாகக் கொண்டுபோக முடியாது என்பது ஒரு பக்கம். கணக்கே இல்லாமல் போவது பெரிய சிக்கல். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் தனிநபர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவம் வேண்டும். பெறுபவர் துறவற சபையின் கணக்காகவோ பள்ளிக் கணக்காகவோ இருக்கட்டும், சிஸ்டரின் சொந்தக் கணக்கு வேண்டாம். அன்பியத்தின் பணத்தை ஒருவர் கணக்கில் திரட்டி அவர் பெயரில் அனுப்புவதும் தவறு. அனுப்பும் பணம் தன்னுடையது என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு அறக்கட்டளையோ சங்கமோ இந்தத் திட்டத்தில் அனுப்ப முடியாது. நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகையும் கிடைக்காது. பத்துக் குடும்பமும் தனித்தனியே அனுப்பினால் பத்து முறை வங்கிக் கட்டணம். ஆகவே ஐந்து குடும்பம் இந்த ஆண்டு 24,000, மற்ற ஐந்து அடுத்த ஆண்டு 24,000 என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். தொகை அதேதான், கட்டணம் பாதி. வழியில் இடைநிலை வங்கி பிடிக்காதிருக்க, கட்டணம் முழுவதும் அனுப்புபவர் பொறுப்பு என்று படிவத்தில் குறியுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் சிக்காமல் டிசம்பர் முதல் வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.

அங்கே போன பணம் பள்ளிக்குப் போயிற்றா என்பதற்குப் பருவத்துக்கு இரண்டு தாள் போதும்: கட்டண ரசீது, மதிப்பெண் அறிக்கை. உகாண்டாவில் பல பள்ளிகள் 'ஸ்கூல்பே' முறையில் மாணவருக்கு ஒரு தனிக் குறியீட்டு எண் கொடுக்கின்றன. அந்த எண்ணுக்குக் கட்டினால் ரசீதில் பிள்ளை பெயர் வரும். அதைக் கேளுங்கள். பட்டியல் சாமான் வாங்கிய கடைச் சீட்டும் ஒரு முறை வரட்டும். இதற்கு மேல் கேட்டால் சிஸ்டருக்கு எழுத்து வேலையே மிஞ்சும்.

கடிதம் எழுதலாம், ஆண்டுக்கு இரண்டு, சிஸ்டர் வழியாக மட்டும். நேரடித் தொலைபேசி எண் வேண்டாம், தனியாகப் பரிசுப் பொருளும் வேண்டாம். ஒரே அறையில் ஒரு பிள்ளைக்குப் புதுக் காலணி இருந்து, பக்கத்துப் பிள்ளைக்குச் செருப்புகூட இல்லாதபோது பொருள் நிலைக்காது, நட்பும் நிலைக்காது. பிள்ளையின் படத்தை முழுப் பெயர், ஊர்ப் பெயரோடு வாட்ஸ்அப் குழுவிலோ பங்கு மடலிலோ போடாதீர்கள். 'நன்றி அம்மா' என்று எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். என்ன பாடம் பிடிக்கும், விடுதியில் எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள் என்று கேளுங்கள், தானாக எழுதுவாள்.

தொடக்கப் பள்ளிக்கும் ஏதாவது செய்யாமல் மனம் ஆறாது என்றால், பெயர் குறிக்காமல் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுங்கள். பிள்ளைக்கு 150 கிராம் மக்காச்சோள மாவு, 40 கிராம் பீன்ஸ் என்றால் 300 பேருக்கு நாளொன்றுக்கு 45 கிலோ மாவு, 12 கிலோ பீன்ஸ். பருவத்துக்கு 60 நாள் என்றால் 2,700 கிலோ மாவு. அறுவடை முடிந்த கையோடு வாங்கினால் மலிவு, ஆனால் ஈரம் காயாத சோளத்தில் அஃப்லாடாக்சின் பூஞ்சை நஞ்சு ஏறும். 2021 மார்ச்சில் கென்யா இதற்காகவே உகாண்டா சோளத்தைத் தடுத்தது. நன்கு காய்ந்ததை மட்டும் வாங்கி, மூட்டைகளைத் தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கச் சொல்லுங்கள். இதை உங்கள் கையிருப்பு நிறைந்த பிறகு தொடங்குங்கள், இந்த ஆண்டு வேண்டாம்.