ஜல்லிக் குவியலும் முட்டை ஓடும்: மலையில் படிக்கும் வருங்கால ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பல கேள்விகளுக்கான பதில் உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதனால் முடிந்தவரை அதை வைத்தே பேசுகிறேன்.

கேள்வி: தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகை படித்தோம். எங்கள் மலையில் இருக்கும் கருங்கல் இதில் எது? பிள்ளைகள் எரிமலைக் கல்லா என்று கேட்கிறார்கள். (குன்னூர்)

உருமாறிய பாறை. பெயர் சார்னோக்கைட். நீலகிரியில் பெரும்பகுதி இதுதான், பழனி மலையிலும் அப்படியே, கொடைக்கானல் தூண் பாறை உட்பட. எரிமலைக்கும் இந்த மலைக்கும் சம்பந்தம் இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். நீலகிரியில் இது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரியைத் தாண்டிய சூட்டிலும் கடும் அழுத்தத்திலும் ஏற்கெனவே இருந்த பாறைகளின் கனிமங்கள் மாறி உண்டானது. அதற்கு மேலே கிடந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருஷங்களில் அரித்துப்போய், நிலமும் மேலே தூக்கப்பட்டு, இன்று நாம் அதன் மேல் நின்று பாடம் நடத்துகிறோம். இதைவிட ஆச்சரியமான விஷயம் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பார்ப்பதற்குச் சுத்தியல் வேண்டாம், கண்ணில் சில்லு தெறிக்கும். ரோட்டு வேலைக்கு ஜல்லி கொட்டியிருக்கும் இடத்தில் கேட்டு நாலு கல் வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாமே புதிதாக உடைந்த முகம். நீலமும் பச்சையும் கலந்த கருஞ்சாம்பல் நிறம், லேசான எண்ணெய்ப்பசை மினுக்கம். கைலென்ஸில் பார்த்தால், கல்லைத் திருப்பும்போது சட்டென்று தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார், தட்டை முகமே இல்லாமல் கண்ணாடிச் சில்லாகத் தெரிவது குவார்ட்ஸ், கரும்பழுப்பாக இருப்பது பைராக்சீன். இந்த மூன்று கனிமங்களையும் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். சென்னைப் பல்லாவரத்திலும் இதே வகைக் கல்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை, பாறைக்கு அவர் பெயர்தான் வந்தது, 1900-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

கேள்வி: கல் கறுப்பு, மண் மட்டும் ஏன் சிவப்பு? (கோத்தகிரி)

கல்லுக்குள் இருக்கும் இரும்புதான். பைராக்சீனில் இரும்பு உண்டு. மழைநீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதை லேசான அமிலமாக்குகிறது, அது விரிசல்களில் இறங்கிக் கனிமங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. சோடியம், கால்சியம், பொட்டாசியம், சிலிக்காவில் ஒரு பங்கு எல்லாம் தண்ணீரோடு போய்விடும். எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிவக்கிறது. இதே வேலை இன்னும் தீவிரமாக நடந்த இடங்களில்தான் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைக்கிறது, சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் அப்படித்தான்.

மலைச்சாலையை வெட்டிய சுவரில் இதை நேரில் பார்க்கலாம். சிவப்பு மண்ணுக்குள் உருண்டையாக ஒரு கல், அதைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக மஞ்சளும் பழுப்பும். வெளி அடுக்கு விரலால் நசுக்கினால் பொடியாகும், உள்ளே போகப்போக இறுகும், நடுவில் அதே கருங்கல். கல் மண்ணாவதன் ஒவ்வொரு படியும் அந்த ஒரு அடிக்குள் இருக்கிறது. போட்டோ எடுத்து வகுப்பில் காட்டுங்கள், பிள்ளைகளைச் சுவருக்கு அடியில் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: சாக்பீஸில் வினிகர் ஊற்றினால் நுரை வரும் என்று எழுதியிருக்கிறது. எனக்கு ஒன்றுமே வரவில்லை. (ஊட்டி)

உங்கள் மேல் தப்பில்லை. நம் ஊர் சாதா சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பது, காய்ந்தபின் அது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். நுரைக்க வேண்டுமானால் கார்பனேட் வேண்டும். டஸ்ட்லெஸ் என்று விற்பதில் சில கால்சியம் கார்பனேட்டில் செய்தவை, அவை நுரைக்கும். எதற்கு வம்பு, முட்டை ஓட்டை எடுங்கள், உள்தோலை உரித்துவிட்டு நொறுக்கிப் போட்டால் உடனே குமிழி கிளம்பும். அதே வினிகரை ஜல்லிக் கல்லிலும் விடுங்கள், சும்மா இருக்கும். எது நுரைக்கவில்லை என்று பார்ப்பதும் இந்தச் சோதனையில் பாதி.

வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவின் ஓரத்தில் காய்ந்து இறுகிய பொருக்கையும் போட்டுப் பாருங்கள். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து அது மறுபடி கார்பனேட்டாகியிருக்கும், நுரைக்கும். ஈரச் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

கேள்வி: ஹைட்ரேஞ்சியா பூ எங்கள் வீட்டில் நீலம், பக்கத்து வீட்டில் ரோஸ். அமிலமென்றால் சிவப்பு என்றுதானே லிட்மஸ் பாடம்? (ஊட்டி)

லிட்மஸை இங்கே மறந்துவிடுங்கள், இது வேறு கதை. மண் அமிலமாக இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறி, பூவின் நிறமியோடு சேர்ந்து நீலமாகும். சுண்ணாம்பு போட்ட மண்ணில், சிமென்ட் சுவர் ஓரத்தில், அலுமினியம் கரையாது, பூ ரோஸாகவே நிற்கும். வெள்ளை ரகம் மாறாது. தேயிலைக்குத் தோதான மண்ணின் பிஎச் 4.5 முதல் 5.5 வரை, அதாவது அமில மண், ஆகவே இங்கே நீலம் அதிகம் என்பதில் வியப்பில்லை. அமிலம், காரம் சொல்லிக்கொடுக்கச் சிவப்பு முட்டைக்கோஸ் சாறே போதும், மலையில் விளைவதுதானே. ஹைட்ரேஞ்சியா விஷச்செடி, வாயில் வைக்க விடாதீர்கள்.

கேள்வி: தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று நடத்தினேன், தெர்மாமீட்டர் 93-ல் நின்றுவிட்டது. (கொடைக்கானல்)

தெர்மாமீட்டர் சரி. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 100 என்பது கடல்மட்டத்துக் கணக்கு. பருப்புக்குக் குக்கர் இல்லாமல் இங்கே ஆகாது என்பதும் இதனால்தான்.

கேள்வி: ஓடையில் தங்கம் மின்னுகிறது என்கிறார்கள் பிள்ளைகள். (கூடலூர்)

அநேகமாக மைக்கா, அதாவது அப்பிரகம். நகத்தால் கீறினால் தகடு தகடாக உரியும். தங்கம் உரியாது, நசுங்கும். ஆனால் பேச்சைத் தட்டிவிடாதீர்கள், தேவாலா, பந்தலூர் பக்கம் குவார்ட்ஸ் நரம்புகளில் தங்கம் உண்மையிலேயே உண்டு, 1880 வாக்கில் கம்பெனிகள் வந்து விழுந்து தோண்டின, போட்ட பணத்துக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: மண்சரிவைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, பயப்படுவார்களே? (கேத்தி)

கட்டாயம் சொல்லுங்கள். 2009 நவம்பரில் இதே மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கே வாழும் பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. கெட்டியான பாறை மேல் பல மீட்டர் மண் உட்கார்ந்திருக்கிறது. தொடர்மழையில் தண்ணீர் உள்ளே இறங்கி, கனத்தைக் கூட்டி, மண்துகள்களின் பிடிப்பைக் குறைக்கிறது. அடிவாரத்தை ரோட்டுக்கோ வீட்டுக்கோ செங்குத்தாக வெட்டியிருந்தால் தாங்க ஆள் இல்லை. ஒரு தட்டைச் சாய்த்து வைத்து ஈர மண்ணைப் பரப்பி, பூவாளியால் நிதானமாக ஊற்றுங்கள், அப்புறம் அதே மண்ணின் அடியைக் கரண்டியால் வெட்டிவிட்டு ஊற்றுங்கள். எது முதலில் இறங்குகிறது என்று பிள்ளைகளே நேரம் குறிக்கட்டும். கூடவே அடையாளங்களையும் சொல்லிவையுங்கள்: தரையில் புது விரிசல், திடீரென்று சாய்ந்த மரம், சுவர் பிளந்து கதவு சாத்த முடியாமல் இறுகுவது, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் வீட்டிலும் ஆசிரியரிடமும் உடனே சொல்ல வேண்டும், மழை விட்ட பிறகு சொல்லலாம் என்று இருக்கக் கூடாது.