அளவைக் கூட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 31. 19 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இரவில் நீண்ட நேர இன்சுலின், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போடுகிறேன். சாப்பிடும் முன் சுகர் 110, 120 என்று நன்றாகவே இருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 260 ஆகிவிடுகிறது. பயந்துபோய் இன்னும் 3 யூனிட் போடுவேன். நாலாவது மணி நேரத்தில் 58, கை நடுங்கும். கையில் கிடைத்த இனிப்பையெல்லாம் தின்பேன். மறுபடி 280. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தும் பார்த்துவிட்டேன். இப்போது சாப்பிட உட்காரவே பயமாக இருக்கிறது. இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: இப்போதைக்குக் கூட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தில் எல்லா எண்களும் இருக்கின்றன, ஒன்றே ஒன்றைத் தவிர. ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்து முதல் வாய் சாப்பிடுகிறீர்கள்? இதை நான் கேட்கும்போது பலரும் சொல்லும் பதில், ‘தட்டு முன் உட்கார்ந்ததும் போடுவேன்’ என்பதுதான். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

‘வேகமான இன்சுலின்’ என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிற பெயர். பழைய வகையோடு ஒப்பிட்டால்தான் அது வேகம். தோலுக்கடியில் போட்ட மருந்து ரத்தத்தில் கலந்து வேலையைத் தொடங்கவே 10 முதல் 20 நிமிடம் ஆகும். முழு வீச்சுக்கு வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பிறகு மெல்லக் குறைந்து, நாலைந்து மணி நேரம் வரை இழுக்கும். மாவுச்சத்து இதற்கெல்லாம் காத்திருக்காது. அது சாப்பிட்ட பதினைந்து நிமிடத்திலேயே ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். கணையம் சரியாக இருப்பவருக்குச் சாப்பாட்டைத் தொட்ட சில நிமிடங்களிலேயே இன்சுலின் சுரந்து நேரே கல்லீரலுக்குப் போய்விடுகிறது. நமக்கு அது தோல் வழியாகச் சுற்றி வருகிறது. நீங்கள் பார்க்கும் 260, இந்த இடைவெளியின் எண்ணாக இருக்கலாம். மருந்து போதாததன் எண் என்று உடனே முடிவு கட்ட முடியாது.

அந்த 260-ஐப் பார்த்து நீங்கள் போடும் 3 யூனிட்தான் சிக்கலே. முதல் ஊசியில் பாதிக்கு மேல் இன்னும் உடம்பில் பாக்கி இருக்கும்போது அதன் தலையில் இன்னொன்றை ஏற்றுகிறீர்கள். இரண்டும் சேர்ந்து மூன்றாவது, நாலாவது மணி நேரத்தில் இழுக்கின்றன. அந்த நேரத்தில் வயிற்றில் சாப்பாடு இல்லை. 58 வராமல் என்ன செய்யும்? அதற்குத் தின்ற இனிப்பு 280. நோய் செய்தது முதல் ஏற்றத்தை மட்டும்தான். மற்ற இரண்டும் அதை அவசரமாகத் திருத்தப் போய் வந்தவை.

அளவு சரியா, நேரம் தவறா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த சாப்பாட்டை, வழக்கமான ஊசியோடு சாப்பிடுங்கள். இடையில் திருத்த ஊசி வேண்டாம், நொறுக்குத் தீனியும் வேண்டாம். ஒவ்வொரு மணி நேரமும் சுகரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நாலாவது மணி நேரத்தில், தொடங்கிய எண்ணுக்குப் பக்கத்தில், சுமார் 30, 40-க்குள் வந்து நின்றால் அளவு சரி, நேரம்தான் பிசகு. அப்போதும் 220, 240-லேயே நின்றால் அளவு போதவில்லை. திருத்த ஊசி இல்லாமலே கீழே போனால் இருக்கும் அளவே அதிகம். நடுவில் 70-க்குக் கீழே வந்தால் பரிசோதனையை அங்கேயே விட்டுவிட்டு குளுக்கோஸ் எடுங்கள். 300-ஐத் தாண்டி வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று ஏதாவது இருந்தால், கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பார்த்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது பரிசோதனை என்று காத்திருக்கக் கூடாது.

நேரம்தான் பிசகு என்று தெரிந்தால், சாப்பிடுவதற்கு 15 நிமிடம் முன்பாக ஊசி போட்டுப் பாருங்கள். பழைய ரெகுலர் வகை போடுகிறவர்களுக்கு இது அரை மணி நேரம். சுகர் 70-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்; 80, 90 என்றால் ஊசி போட்டதும் காத்திருக்காமல் சாப்பிட்டுவிடலாம். சாப்பாடு எப்போது கைக்கு வரும் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் முன்கூட்டிப் போடாதீர்கள். ஊசி போட்டுவிட்டுத் தொலைபேசியில் பேச்சு நீண்டு, சாப்பாட்டை மறந்து மயங்கியவர்கள் உண்டு. நீண்ட நாள் சர்க்கரையால் வயிறு மெதுவாகக் காலியாகும் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இந்த யோசனை பொருந்தாது.

சாப்பாட்டைப் பாதியாக்கிய விஷயத்துக்கு வருகிறேன். அன்று இன்சுலினையும் அதற்கேற்பக் குறைத்தீர்களா? நீங்கள் அதை எழுதவில்லை. எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்ற கணக்கு ஒவ்வொருவருக்கும் வேறு. ஒரே ஆளுக்கும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாறலாம். விடியற்காலை ஹார்மோன்களால் பலருக்குக் காலைச் சாப்பாட்டுக்குத்தான் அதிக மருந்து பிடிக்கும். உங்கள் கணக்கு என்ன என்று மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் பட்டினி கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம், தட்டில் இருப்பதையே வரிசை மாற்றிச் சாப்பிடலாம். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில். ஏற்றம் மட்டுப்படும். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதும் உதவும், ஆனால் நடந்தால் சுகர் இறங்கும் என்பதை நினைவில் வைத்து குளுக்கோஸைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொழுப்பு அதிகமான சாப்பாடு மட்டும் ஆட்டத்தையே மாற்றிவிடும். முதல் இரண்டு மணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, பிறகு ஏறும்.

இன்னொன்று, இன்றைக்கே செய்யலாம். ஊசி போடும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். 12 வருடமாக ஒரே பக்கம் போட்டிருந்தால் அங்கே தோலுக்கடியில் மெத்தென்று கட்டி இருக்கலாம். அங்கே போட்ட மருந்து ஒரு நாள் உறிஞ்சும், ஒரு நாள் உறிஞ்சாது. இடத்தை மாற்றும்போது அதே அளவு திடீரென நன்றாக வேலை செய்து சுகரைக் கீழே தள்ளக்கூடும் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த எண் 260 இல்லை, 58. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் 180-ஐத் தாண்டாமல் இருப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கு. எப்போதாவது தாண்டுவது எல்லோருக்கும் நடக்கும். கை நடுங்கும்போது 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் உட்காருங்கள். பிறகு பார்த்து, இன்னும் 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகத்தான் ஏறும். தோலில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சார் வைத்திருந்தால், சுகர் ஏறுவதை அது சில நிமிடம் தாமதமாகத்தான் காட்டும். அதுவரை கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். குளுக்கோஸை முன்பே அளந்து சின்னச் சின்னப் பொட்டலமாக வைத்துக்கொண்டு, மற்ற இனிப்பையெல்லாம் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு வாரம் ஊசி போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், இரண்டு மற்றும் நாலு மணி நேரச் சுகர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அந்த நோட்டைப் பார்த்து அவர் சொல்லட்டும்.